சீரியல் நேரத்துச் சாப்பாடு

சீரியல் ஓடும்போது சுலோச்சனா தட்டைப் பார்க்காமலேயே காராபூந்தியை அள்ளித் தின்பாள். அதே தட்டின் மறு ஓரத்தில் கரப்பான்கள் பரம்பரை பரம்பரையாகச் சாப்பிட்டு வந்தன.

அன்று ஆண் கரப்பானின் மீசை நடுங்கியது. "அந்தம்மா கொட்டாவி விட்டது கேட்டுச்சா?"

"பயப்படாதீங்க," என்றது மனைவி. "மருமக இப்பதான் பால்ல விஷம் கலந்திருக்கா. மாமியார் அதைக் குடிக்க இன்னும் ஒரு மாசம் இழுப்பாங்க. அதுவரைக்கும் அந்தம்மா கண்ணு இந்தப் பக்கம் திரும்பாது."

"போன மாசமும் இதைத்தானே சொன்னே?"

டி.வி.யில் இடி இடித்தது. மாமியாரின் முகத்தை மூன்று தடவை காட்டினார்கள். மறுபடியும் ஒரு கொட்டாவி கேட்டது. பூந்தி அள்ள வந்த கை பாதியில் நின்றது.

அந்த நேரம் பார்த்து மாமியார் பாலை நிஜமாகவே குடித்துவிட்டாள்.

சுலோச்சனா அதைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.