எட்டு

"இன்னைக்காவது எட்டு போட்டுட்டு வந்துரு." மாதுளைச் சாற்று டம்ளரை நீட்டினாள் மாமியார் ஆரோக்கியம்மாள். "பஸ்லயே போ. ஸ்கூட்டியில குலுங்கிக்கிட்டுப் போகாத."

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் என்ற பயமாக்கும். ஃபெமினா தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள்.

ஆவூர் பஸ்ஸிலிருந்து புதுக்கோட்டையில் இறங்கியவள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமே திரும்பவில்லை. குழந்தைப்பேறு மருத்துவமனையின் ஸ்கேன் அறையில் போய்ப் படுத்தாள்.

போன இரண்டு மாதமும் கருப்பையின் உட்சவ்வு ஆறு மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. சவ்வு தடிக்காமல் கரு ஒட்டாது என்று டாக்டர் கருவை உள்ளே வைப்பதைத் தள்ளிப்போட்டிருந்தார். உறைய வைத்திருப்பதோ ஒரே ஒரு கரு.

இது கத்தாரிலிருக்கும் கணவன் ஜஸ்டினுக்கு மட்டும்தான் தெரியும். போனில் அவர்கள் பேசும் எட்டு, எட்டு மில்லிமீட்டர். காதில் விழுந்தால் அத்தைக்கு அது டிரைவிங் டெஸ்ட்.

மறைக்காமல் என்ன செய்வது? பக்கத்து வீட்டு ஏஞ்சலின் குழந்தையைப் பார்த்து, "ஜெபத்துல வந்ததில்ல அது, ஊசியில வந்தது" என்று சொன்னவள் அத்தை.

திரையில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று அசைந்தது. மூச்சை அடக்கினால் கொஞ்சம் தடிக்குமோ என்பதுபோல் அடக்கிக்கொண்டாள்.

"ஏழரை" என்றார் டாக்டர். "ஏழு தாண்டிட்டா வைக்கலாம். எட்டுன்னா இன்னும் நம்பிக்கையா இருக்கும். இப்பவே வைக்கிறதா, அடுத்த மாசம் பாக்குறதா? வீட்ல பேசிட்டுச் சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்கம்மா."

வீட்டில் யாரிடம் பேசுவது? ஜஸ்டின் வேலையில் இருந்தான். நான்கு முறை அடித்தும் போனை எடுக்கவில்லை. வைத்து, ஒட்டாமல் போனால்? அப்புறம் வைப்பதற்கு ஒன்றுமில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அந்த அரை மில்லிமீட்டர்தான் அவளுக்குள் ஓடியது.

அத்தை அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா, எட்டு போட்டியா?"

"ஏழரைதான் அத்தை."

சொன்ன பிறகுதான் ஃபெமினாவுக்கு உறைத்தது. டிரைவிங் டெஸ்டில் ஏது ஏழரை?

கீரை உருவிய கை நின்றது. அத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏழு தாண்டிருச்சுல்ல? வைக்கச் சொல்லு."