சைலன்சர் வைரமான கதை

தான் வெறும் குரோம் பூச்சுதானே என்று ஒரு பைக் சைலன்சருக்குத் தீராத வருத்தம். ஒருநாள் மலைப்பாதையில் ஏறும்போது, சூட்டில் அதன் கழுத்து மஞ்சளாக மாறியது.

“எஞ்சின் அண்ணே, நான் தங்கமாகிட்டு வர்றேன்! இன்னும் சூடேத்துங்க!”

எஞ்சினும் உற்சாகமாக உறுமியது. கழுத்து நீலமாகிவிட்டது.

“வெந்துபோயிட்டே,” என்றது சைடு ஸ்டாண்டு.

“உனக்கென்ன தெரியும்? இது நீலக்கல். தங்கத்தைவிட ஒசத்தி. அடுத்தது வைரந்தான். விடாதீங்கண்ணே!”

எஞ்சின் மூச்சு முட்ட ஏறி, பாதி மலையில் புகை கக்கிச் செத்துப்போனது. அந்தப் புகையில் சைலன்சர் கன்னங்கரேலென்று ஆனது.

மொத்தப் பாரத்தையும் ஒற்றைக்காலில் தாங்கிக்கொண்டு சைடு ஸ்டாண்டு கேட்டது: “இப்ப என்ன சொல்றே?”

“அவசரப்படாதே,” என்றது சைலன்சர். “வைரம் முதல்ல கரியாத்தான் இருக்கும்.”