கழக்கூட்டத்தில் நிற்கும் கார்

கழக்கூட்டம் சிக்னலில் கார் நகராமல் நிற்கிறது. ஆற்றிங்கல் மண்டபத்தில் செண்பகத்தின் அண்ணன் மகன் உமாசங்கருக்கு இன்னும் சற்று நேரத்தில் முகூர்த்தம். வெயில் முன்சீட்டில் இருக்கும் செண்பகத்தின் பட்டுச்சேலைச் சரிகையில் பட்டு, காரின் உட்கூரையில் பொன்னாக நெளிகிறது. "ரெண்டு தடவ சவரம் பண்ணினியளே, உங்களுக்கா கல்யாணம்? தாலிகெட்டு கழிஞ்சா அண்ணன் மொகத்துல எப்படி முழிப்பேன்?" கணவர் தங்கப்பன் ஹார்னை அழுத்துகிறார். அப்போது பக்கத்தில் உரசுவதுபோல் ஒரு கார் வந்து நிற்கிறது. அதன் முன்பக்கம் முழுக்க ரோஜாப்பூ. கண்ணாடி இறங்குகிறது. உள்ளே பட்டு வேட்டியில் உமாசங்கர் வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கிறான். "அத்தை, நீங்களும் இங்கதானா?" செண்பகம் அவனை ஏற இறங்கப் பார்க்கிறாள். பிறகு சீட்டில் நன்றாகச் சாய்ந்து, மடியிலிருந்த நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தைப் பிரிக்கிறாள். "மெதுவாப் போனா மதி, அவசரமில்ல," என்கிறாள் கணவரிடம். "மாப்பிள்ளைக்கு முன்னாடி போய் நாம என்ன செய்ய?"