குல்லிட் சட்டை

ஆபீஸ் வாசலிலிருந்தே பின்தொடர்ந்து வந்த அந்தத் தடித்த ஆள், ஆனேக்கல் பஸ்ஸிலும் ஏறிவிட்டான். ரூபினி தெரிந்த முகம் உண்டா என்று பஸ் முழுவதும் தேடினாள். முன் சீட்டுக் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தவனின் ஆரஞ்சு ஹாலந்து ஃபுட்பால் ஜெர்சி முதுகில் ‘குல்லிட்’ என்று இருந்தது. அதைக் கண்டதும் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணா! நேத்து பேசிட்டிருக்கும்போது பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்ட. ஜெர்மனி மத்தேயஸ்தான் பெரிய ஆளு, ஒத்துக்கோ!”

விழித்தவன், தன் ஜெர்சிக் கையை இறுகப் பிடித்திருந்த அவளைப் பார்த்தான். திரும்பி, பின் சீட்டிலிருந்து அவளையே முறைத்துக்கொண்டிருந்த அந்த ஆளையும் பார்த்தான்.

“நீ திருந்தவே மாட்டியா? குல்லிட்ட டிஃபென்ஸ், மிட்ஃபீல்ட், ஃபார்வர்டு, எங்க நிறுத்தினாலும் ஆடுவான்!”

“மத்தேயஸ் மட்டும்? நடுவுல நின்னு ஆடினவன், வயசானதும் பின்னாடி நின்னு டீமையே காப்பாத்தினான்!” அவள் முதுகில் அந்த ஆளின் பார்வை ஊர்வது போலிருந்தது.

“சரி, கத்தாத. ஸ்டாப்ல அப்பா வண்டியோட நிக்கிறாரு. நம்ம டீம் பசங்களும் கூட இருக்கானுங்க. அவங்களையே கேட்டுக்கலாம்” என்றான் அவன், பஸ் முழுவதும் கேட்கும்படி.

சந்தாபுராவில் அந்த ஆள் இறங்கிப் போனான். பஸ் நகர்ந்ததும் ரூபினி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். “குடிம்மா. சாமி புண்ணியத்துல போய்ட்டான்.”

அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, தயக்கத்தோடு கேட்டான்.

“உன் பேரு என்னம்மா?”