முதல் லாரி

மெக்சிகோவின் ஒஹாகா மலைக்கிராமம் ஒன்றுக்கு அன்றுதான் முதல் லாரி வரப்போகிறது. ஊரே கூடி, கூலி வாங்காமல் வெட்டிய சாலை. தன் தோட்டத்து ஆப்பிள்கள் பட்டணத்துச் சந்தையில் மினுங்குவதாக எவுலாலியா விடிய விடியக் கனாக் கண்டிருந்தாள்.

மூடுபனியிலிருந்து லாரி மிதந்து வந்தது. ஊர் பேண்டு வாசிக்க, எவுலாலியா ஓட்டுநருக்கு மாலை போட்டாள்.

"சீக்கிரம் ஏத்திக்க தம்பி. பட்டணத்துல எங்க ஆப்பிளுக்குக் காத்துக்கிட்டிருப்பாங்க."

"ஏத்தவா? நான் இறக்கத்தான் வந்திருக்கேன்."

தார்ப்பாயை விலக்கினான். உள்ளே பெட்டி பெட்டியாக வடதேசத்து ஆப்பிள்.

"உங்க சந்தை விலையில பாதிக்கே தரச் சொல்லியிருக்கார் முதலாளி."

பக்கத்து வீட்டு செனோபியா ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். "இனிக்குதுக்கா," என்றாள் மெதுவாக.

ஓட்டுநர் மாலையைச் சரிசெய்துகொண்டான். "இந்த ரோட்டுக்காக எங்க முதலாளி எத்தனை வருஷமாக் காத்திருந்தார் தெரியுமா?"