பரீட்சைக்கு ஒரு நோயாளி

மதிய வெயில் திரைச்சீலை வழியே வடிந்து, கட்டில் முழுக்கத் தேன் நிறத்தில் பரவிக் கிடக்கிறது. ராத்திரி வேலை முடித்து வந்த கணவன் அதில் நோயாளி வேஷத்தில் மல்லாந்திருக்கிறான். சொந்த நாட்டில் பிரசவ வார்டையே கட்டி ஆண்ட நர்ஸ் அவள். நாளைக்குச் செய்முறைப் பரீட்சையில் தேறினால்தான் இங்கேயும் நர்ஸ். போன தடவை கை சரியாகத்தான் செய்தது, செய்வதை வாய்விட்டுச் சொல்லாமல் கோட்டை விட்டாள். "இப்போ உங்க நாடியைப் பார்க்கப் போறேன்" என்கிறாள். "பாரும்மா, உசிரு இருக்கான்னு சொல்லு." "நோயாளி வாயடிக்கக் கூடாது." விரலுக்கடியில் நாடி நிதானமாக ஓடுகிறது. தெருவில் ஒரு சைக்கிள் மணி கரைந்து போகிறது. அவன் கண்கள் சொருகுகின்றன. "வலி இருக்கா? மனசுல ஏதாவது கவலை?" என்று பாடத்தில் உள்ளபடியே கேட்கிறாள். பாதித் தூக்கத்தில் அவன் முனகுகிறான்: "ஊர்ல அக்கா வீட்ல விட்டுட்டு வந்தோமே, பாப்பா... நம்மள மறந்துட்டா என்ன பண்றது?" மணிக்கட்டை விடாமலேயே அவன் பக்கத்தில் மெல்லச் சாய்கிறாள். "தெரியலைங்க" என்கிறாள். "சாயங்காலம் போன்ல கூப்பிட்டு நிறைய பேசுவோம். இப்போ தூங்குங்க."