பதினோரு மணிப் பாதாம்

"அண்ணி, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. கட்டின புருஷனுக்கு ஓட்ஸ் தண்ணி, எங்கிருந்தோ பறந்து வர்ற குருவிக்குப் பாதாமா?"

ஊரிலிருந்து ஒரு வாரம் தங்க வந்த நாத்தனார் வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டாள்.

நர்ஸம்மா திரும்பிப் பார்க்கவில்லை. டப்பாவிலிருந்து பாதாமும் கடலையும் எடுத்துக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "குளிர் காலம். பாவம், அதுங்களுக்கு யார் இருக்கா?"

"எங்க அண்ணனுக்கு மட்டும் யார் இருக்கா?"

"உங்க அண்ணனுக்கு வாய் இருக்கு."

அந்த அண்ணன் சமையலறை நாற்காலியில் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து, இதை உள்ளூர ரசித்துக்கொண்டிருந்தார். தனக்காகப் பேச இந்த வீட்டில் ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரையெல்லாம் அதட்டியவர், யார் சொல்லியும் எதுவும் செய்து பழக்கமில்லை. மூன்று மாதம் முன்பு இதயத்தில் ஆபரேஷன் ஆனது. டாக்டர் ஏதேதோ அறிவுரை எழுதிக் கொடுத்த காகிதத்தைப் படிக்காமலே நாலாக மடித்து, ஆடுகிற நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்தார். இப்போது அந்தக் காகிதத்தையும் காணோம், நாற்காலி மறுபடி ஆடுகிறது.

நர்ஸம்மா கிண்ணத்தோடு கிளம்பினாள். பறவைகளுக்குத் தீனி வைக்கிற பெட்டி தோட்டத்தின் கடைசி மூலையில் ஒரு கம்பத்தில் இருந்தது.

"அவ்வளவு தூரத்துல எதுக்கு அண்ணி? ஜன்னல்கிட்ட மாட்டினா ஆகாதா?"

"ஆள் நடமாட்டம் இருந்தா வராதுங்க." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, உங்களுக்குத்தான். பதினோரு மணி அதுங்க சாப்பிடற நேரம். அந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காதீங்க."

பதினோரு மணிக்கு அவள் கடைக்கென்று சொல்லிக் கிளம்பியதும், பரிசோதகர் பின்கதவைச் சத்தமில்லாமல் திறந்தார்.

போகாதே என்றால் போவது அவர் சுபாவம். இரண்டு மாதமாக இதுதான் நடக்கிறது. செங்கல் பாதையில் மெதுவாக நடந்து போவார். பெட்டிக்குள் கை விடுவார். வீட்டுக்குள் மென்றால் துணுக்கு சிந்தி மாட்டிக்கொள்ள நேரும் என்று, முதுகில் வெயில் பட அங்கேயே நின்று ஒவ்வொன்றாக மென்று முடிப்பார். உப்பில்லை. ஆனாலும் திருடித் தின்கிற ருசி வேறு எதில் வரும்?

"அண்ணா."

கை பெட்டிக்குள் இருக்கும்போதே தங்கை பின்னால் நின்றாள்.

"முப்பது வருஷம் டிக்கெட் வாங்காதவனைப் பிடிச்ச ஆளு நீ."

"சத்தம் போடாதே."

"நான் உனக்காக அண்ணிகிட்டச் சண்டை போட்டா, நீ இங்க வாயில்லாத ஜீவன்கிட்டத் திருடறியா? அங்க பாரு."

வேலி மேல் ஒரு குருவி இருந்தது. குளிரில் உடம்பை உப்ப வைத்துக்கொண்டு அவர் கையையே பார்த்தது.

அவர் கையிலிருந்த பாதாமைப் பெட்டிக்குள்ளேயே போட்டார். நிஜமாகவே வெட்கமாக இருந்தது. இரண்டு மாதம். எத்தனை குருவி இந்தக் குளிரில் பட்டினி கிடந்ததோ.

"அண்ணி வந்ததும் ஒத்துக்கோ."

"அவ முகத்தைப் பார்த்து என்னால சொல்ல முடியாது. வேணும்னா எழுதி வெக்கறேன்."

எழுத இடமிருந்தது. குழந்தைகள் வார்டில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்த பழக்கத்தில், நர்ஸம்மா பறவைகளுக்கும் ஒரு அட்டவணை போட்டுக் கட்டிலில் மாட்டுகிற மாதிரி ஸ்டோர் ரூம் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தாள். எது எப்போது வந்தது, எவ்வளவு தின்றது, எல்லாம் அதில் உண்டு. பறவைக் கணக்கு தனக்கெதற்கு என்று அவர் அதைப் பார்த்ததே இல்லை.

பேனாவைத் திறந்தார். கண்ணாடியை மாட்டினார். அப்புறம்தான் நேற்றைய வரிகளைப் படித்தார்.

"குருவிகள். காலை ஏழு மணி. தானியம் இரண்டு கப். முழுவதும் காலி."

காலை ஏழுக்கு அவர் எழுந்ததே கிடையாது. அடுத்த வரிக்குப் போனார்.

"தொப்பிக்காரர். பதினோரு மணி. நடை இருபது நிமிடம். வெயில் பட்டது. பருப்பு ஒரு கைப்பிடி, மீதம் இல்லை."

முந்தைய பக்கத்தைப் புரட்டினார். அதற்கும் முந்தையதைப் புரட்டினார். அறுபத்து மூன்று நாள், ஒரு நாள் விடுபடவில்லை. போன வாரம் ஒரு நாள், "இன்று விசில் அடித்துக்கொண்டே போனார்" என்று இருந்தது. முதல் நாளில் இருந்தது: "பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பயமாக இருந்தது."

கடைசித் தாளுக்குப் பின்னால், நாலு மடிப்போடும் நாற்காலிக் கால் அழுந்திய தடத்தோடும் டாக்டரின் காகிதம் கிளிப்பில் இருந்தது. தினமும் நடை, இளவெயில், உப்பில்லாத பருப்பு ஒரு கைப்பிடி.

தங்கை தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வாசல் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அவர் அவசரமாகப் பேனாவை மூடினார்.

"அண்ணிகிட்டச் சொல்லிடாதே."

"எதை? நீ திருடினதையா?"

"அது அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சொல்லாதே. நாளைக்கும் பதினோரு மணிக்கு நான் திருடப் போகணும்."